கைக்குப் போடாத பளிச்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. மின்சார பில்லில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பளிச். பால்காரருக்குப் பளிச், வங்கிக்காரருக்குப் பளிச், கோபம் வந்தால் மனைவிக்கும் பளிச்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் ஒரு கதவு இருக்கும். அதுதான் அவருடைய போட்டோ ஸ்டூடியோ. உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். முன்னால் கம்ப்யூட்டர், நடுவில் கண்ணாடியும் சீப்பும், கடைசியில் திரையும் முக்காலியும். ஆள் முக்காலியில் உட்கார்ந்ததும் பளிச் அந்த முகத்தை ஒரு தடவை பார்ப்பார், மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். இவருக்கு ஒரு பளிச். இந்தப் பெண்ணுக்கு இரண்டு. பெண் பார்க்க அனுப்புகிற போட்டோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு மூன்று. கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் முகம் ஒரு படி வெளுக்கும். அந்த ஒரு தட்டுக்குப் பெயர்தான் ஒரு பளிச்.

"அண்ணே, கொஞ்சம் கலரா வர்ற மாதிரி..." என்று வந்தவர் இழுக்கும்போதே, "போட்டாச்சு, போட்டாச்சு" என்பார். வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. தன் முகத்தை உள்ளபடி பார்க்கக் காசு கொடுக்கிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை போலிருக்கிறது.

இந்த வித்தை அவர் கைக்கு வந்தது பிலிம் காலத்தில். மீசை அரும்பிய வயதில் ஒரு ஸ்டூடியோ இருட்டறையில் பிரிண்ட் போடுகிற வேலை. கம்பி நுனியில் சின்ன வட்ட அட்டை ஒன்றை ஒட்டி வைத்திருப்பார். காகிதத்தில் வெளிச்சம் விழும்போது அந்த அட்டையை முகத்துக்கு நேரே லேசாக ஆட்டினால், வெளிச்சம் குறைந்த அந்த இடம் மட்டும் பிரிண்டில் வெளுப்பாக வரும். அட்டை முகத்தளவுதான், கழுத்தோடு சரி. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அட்டை குப்பைக்குப் போனது. பழக்கம் மட்டும் போகவில்லை. அவர் போடுகிற பளிச் இன்றைக்கும் முகத்துக்கு மட்டும்தான். கையைத் தொடமாட்டார். கேட்டால், "ஆளை அடையாளம் பாக்கறது மொகத்த வச்சுதான். கைய எவன்யா பாக்கறான்?" என்பார்.

இந்தப் பேச்சைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அவர் மனைவிக்குச் செடியக்கா என்று பெயர். நகரத்து ஓரத்தில் இருக்கும் ஒரு செடிப் பண்ணையில் வேலை. பதியம் போடுவது, தொட்டி மாற்றுவது, வாடினதைத் தேற்றுவது. அங்கே வருகிறவர்கள் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மாநிறம். கணவர் ஊரையே வெளுத்துக்கொண்டிருந்தாலும் தன் நிறத்தைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாத பெண்மணி. பளிச்சுக்கு மட்டும் கை சும்மா இருக்காது. புது விளக்கு வாங்கினாலும் புதுத் திரை வாங்கினாலும் மனைவியை முக்காலியில் உட்கார வைத்து, பண்ணையிலிருந்து வந்த வெள்ளைத் தொட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு படம் எடுத்துப் பார்ப்பார். எடுத்ததும் இரண்டு பளிச், முகம் பழைய படத்தோடு ஒத்துவராவிட்டால் இன்னும் ஒன்று. பிரிண்ட் போட்டு வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிடுவார். பழசு உள்ளே போகும், புதுசு வெளியே வரும். விளக்குக்குச் சோதனை, கடைக்கு விளம்பரம், இரண்டும் ஒரே செலவில் முடிந்தது.

இப்படியிருக்க, கொஞ்ச காலமாகச் செடியக்காவுக்கு உடம்பு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தொட்டியைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. உடை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. சாப்பாட்டில் உப்பு போதவில்லை, போதவில்லை என்று போட்டுக்கொண்டே இருப்பார். வெள்ளரிக்காயை உப்புக்குள் புரட்டித் தின்பார். ஊறுகாய் ஜாடி ஒரு வாரம் தாங்காது. யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளங்கையில் உப்பைக் கொட்டி நக்குவார். பளிச் ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"என்னடி இது, கடல்ல பொறக்க வேண்டியவ தப்பி எங்க வீட்டுக்கு வந்துட்டியா?"

"நீங்க உப்பே இல்லாம பேசறீங்கல்ல, அதான் நான் சேத்துக்கறேன்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பளிச்சால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நிறமும் மங்கிக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்தில், "என்னக்கா, வெயில்ல ரொம்ப அலையறீங்களா?" என்றார்கள். ஆமாம், பண்ணை வேலை, வெயில்தான், அவ்வளவுதான் என்று எல்லோரும் முடித்துக்கொண்டார்கள். பளிச் தன் பங்குக்கு மருந்துக் கடையில் ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்தார். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுவாள், அவளாவது கண்டுபிடித்திருக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. போன் வாங்கிய அன்றே பளிச் அதில் முகத்தை அழகாகக் காட்டுகிற வசதியை முடுக்கி வைத்திருந்தார். அம்மா வாரா வாரம் பளபளவென்று சிரித்தார்.

மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. செடியக்கா போயாக வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அலுவலகத்திலேயே எடுப்பார்கள் என்று சொல்லியும் கேட்காமல் பளிச் தானே படம் எடுத்தார். அன்றைக்கு என்னவோ முகம் மிகவும் மங்கலாகத் தெரிந்தது. விளக்கைத்தான் திட்டினார். வழக்கமான இரண்டும் மூன்றும் போதவில்லை, நான்கு பளிச் போட்டார்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசை அனுமார் வால் போல நீண்டிருந்தது. நின்று நின்று கடைசியில் கவுன்டருக்கு வந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் போட்டோவைப் பார்த்தார். செடியக்காவைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"இவங்க வரலையா?"

"யாரு?" என்றார் பளிச்.

"இந்த போட்டோல இருக்கறவங்க. அவங்க நேர்ல வரணும் சார். உங்க அக்கா வந்தா ஆகாது."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செடியக்கா, "நான்தாங்க அது" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பளிச்சுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முப்பது வருஷத் தொழிலில் அவர் எடுத்த படத்தை யாரும் இப்படிச் சொன்னதில்லை. "கண்ண நல்லாத் தொறந்து பாருங்க, என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?" என்று கத்தினார்.

கவுன்டர்காரர் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்த சின்னக் கேமராவைத் திருப்பி, "இங்க பாருங்கம்மா" என்றார். படம் விழுந்தது. திரையில் விழுந்த அந்த முகத்துக்குப் பக்கத்தில், பளிச் கொண்டுவந்த போட்டோவைப் பிடித்துக் காட்டினார்.

பளிச்சுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பக்கம் பண்டிகைக்குக் கிளம்பின மாதிரி ஒருத்தி. இன்னொரு பக்கம் கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிலும் உதட்டிலும் சாம்பல் பூசின மாதிரி கறுத்து, வேறு ஒருத்தி. இவளுக்குச் சோறு போட்டு இவளோடு உட்கார்ந்து தின்றது நான்தானா?

"கேமரா சரியில்ல" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அதற்குள் செடியக்கா மேஜையைப் பிடித்தார். பிடி நழுவியது. அப்படியே சரிந்து விழுந்தார்.

பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் உப்புநீர் ஏற்றினார்கள். ஏற ஏற முகத்தில் தெளிவு வந்தது. "வெறும் வயித்தோட நின்னிருப்பாங்க, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இனிமேல்தான் வேடிக்கை. மனைவி பொத்தென்று விழுந்ததைப் பார்த்த மனிதர் மறுநாள் எங்கே அழைத்துப் போனார் தெரியுமா? தோல் டாக்டரிடம். மயக்கம் அவருக்கு மறந்தே போய்விட்டது. அந்த இரண்டு முகம்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது. சிரிக்காதீர்கள், அந்தப் பைத்தியக்காரத்தனம்தான் செடியக்காவைக் காப்பாற்றியது.

தோல் டாக்டரம்மா நடுத்தர வயசு, படபடவென்று பேசுகிறவர். "நெறம் பழையபடி ஆகணும், அவ்ளோதான் டாக்டர்" என்றார் பளிச்.

"எதனால கறுத்துச்சுன்னு நெனைக்கறீங்க?"

"வெயில்தான். பண்ணையில வேலை."

டாக்டரம்மா செடியக்காவின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகள் பேனாவால் இழுத்தது போலக் கறுத்திருந்தன. விரல் முட்டிகளைப் பார்த்தார். பழைய கத்தித் தழும்பு ஒன்று கரிக்கோடாக இருந்தது. "வாயத் தொறங்கம்மா" என்று டார்ச் அடித்தார். ஈறில் கறுப்பு. கன்னத்தின் உள்பக்கத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு.

டார்ச்சை அணைத்துவிட்டு பளிச்சின் பக்கம் திரும்பினார். "வாய்க்குள்ள வெயில் அடிக்குமா சார்?"

பளிச் குனிந்து மனைவியின் வாய்க்குள் பார்த்தார்.

"பயப்படாதீங்க. சில பேருக்குப் பொறப்பிலேயே ஈறு இப்படித்தான் இருக்கும். அது நோயே கிடையாது. கறுப்பா இருக்கறது எப்பவுமே நோய் இல்ல. நல்லா இருந்த நெறம் நாளுக்கு நாள் மாறிக்கிட்டே போச்சுன்னாதான் நான் கவலைப்படணும். பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

போட்டோவா? பளிச்சின் நெஞ்சு நிமிர்ந்தது. ஓடிப்போய் ஸ்டூடியோவிலிருந்து கவர் நிறையப் படங்களை அள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளைத் தொட்டியோடு செடியக்கா உட்கார்ந்திருக்கும் படங்கள். பழசிலிருந்து புதுசு வரை மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். முகத்திலிருந்த கவலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "மாற்றமே இல்லையே. எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்காங்க. அப்ப இது இவங்களோட இயற்கையான நெறமா இருக்கலாம். ஒரு கிரீம் எழுதறேன், ரெண்டு மாசம் கழிச்சு வாங்க." பேனாவை எடுத்துவிட்டார்.

அந்தப் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் பளிச்சுக்கு உறைத்துவிட்டது. எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான். ஒரே மாதிரி ஆக்கியது யார்? சொன்னால் மானம் போகும். பொண்டாட்டி முகத்துக்கே வெள்ளை அடித்தவன் என்று இந்த அம்மா சிரிப்பார். சொல்லாவிட்டால் ஒரு கிரீமோடு வீட்டுக்குப் போகலாம், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்.

"டாக்டர்," என்றார். "அது... அந்த மொகம் நான் போட்டது."

"என்னது?"

"பளிச் போடுவேன். கம்ப்யூட்டர்ல. எல்லாப் படத்துக்கும். எவ்வளவு போட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. போடாத படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல டாக்டர்."

டாக்டரம்மா அவரை ஏதோ விசித்திரப் பிராணியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதுவரை தானாக ஒரு வார்த்தையும் பேசாத செடியக்கா மெதுவாகச் சொன்னார்.

"கையப் பாருங்க டாக்டரம்மா. இவரு கைக்குப் போட மாட்டாரு."

மூன்று பேரும் குனிந்தார்கள். வெள்ளைத் தொட்டியைப் பிடித்திருந்த கைகள். முதல் படத்தில் மாநிறம். அடுத்ததில் ஒரு சாயல் கூடுதல். அதற்கடுத்ததில் விரல் முட்டிகள் தனியாகத் தெரிந்தன. கடைசிப் படத்தில் பளபளவென்று சிரிக்கிற முகத்துக்குக் கீழே, யாரோ வேற்று மனுஷியின் கைகள் தொட்டியைப் பிடித்திருந்தன. தொட்டி மட்டும் எல்லாப் படத்திலும் அதே வெள்ளை.

இந்தப் படங்களை எடுத்தது அவர், திருத்தியது அவர், வெட்டி ஒட்டி மாட்டியது அவர். தினம் கடை திறக்கும்போது அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைத்ததும் அவர்தான். அந்தக் கை அங்கேயேதான் இருந்திருக்கிறது!

டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. கேள்விகள் மளமளவென்று வந்தன. எடை குறைஞ்சிருக்கா? சோர்வா இருக்கா? எழுந்து நின்னா தலை சுத்துதா? எல்லாவற்றுக்கும் ஆமாம்தான்.

"உப்பு நெறைய சாப்பிடத் தோணுதா?"

பளிச்சுக்குப் பழக்கத்தில் சிரிப்பு வந்தது. "அத ஏன் கேக்கறீங்க, கடல்ல பொறக்க வேண்டியவ..." பாதியில் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வீட்டுக்குப் போகாதீங்க," என்றார் டாக்டரம்மா. போனை எடுத்துக்கொண்டே, "நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் பேசிடறேன்" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே ஊசியும் போட்டுவிட்டார்கள். அங்கிருந்த டாக்டர் படம் போட்டு விளக்கினார். இரண்டு சிறுநீரகத்துக்கு மேலேயும் தொப்பி வைத்த மாதிரி ஒவ்வொரு சின்னச் சுரப்பி உண்டு. உடம்பு எழுந்து நடமாடுகிற தெம்பு அதிலிருந்து சுரக்கிறது. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிறதும் அதுதான். செடியக்காவுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. உப்பெல்லாம் சிறுநீரில் போய்க்கொண்டிருக்க, உடம்பு உப்புக்குக் கெஞ்சியது. அதை நாம் கடல் என்றோம், ஊறுகாய் என்றோம். மேலே தலைக்குள் இருக்கிற இன்னொரு சுரப்பி, 'ஏன் சுரக்கவில்லை, சுர, சுர' என்று விடாமல் விரட்டுகிறது. அந்த விரட்டல் போகிற வழியில் தோலையும் தட்டி எழுப்பிவிடுகிறது. தோல் கறுக்கிறது.

"அப்ப கிரீம்?" என்று கேட்டார் பளிச்.

"கிரீமா? கோளாறு வயித்துக்குள்ள சார். நாங்க வயித்தப் பாக்கறதுக்கு முன்னாடி தோல் அதச் சொல்லியிருக்கு. ஒரு காய்ச்சலோ வாந்தியோ பெருசா வந்திருந்தா, ஒரே நாள்ல ஆளு போயிருப்பாங்க."

தோல் சொல்லியிருக்கிறது. சொல்லச் சொல்ல இவர் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

வைத்தியம் என்னவோ சின்னதுதான். மாத்திரை. ஆனால் ஆயுசு முழுக்க. உடம்பு சுரக்க மறந்ததை வாய் வழியாகக் கொடுக்கிற மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி கூட்டிச் சாப்பிட வேண்டும், தானாக நிறுத்தவே கூடாது. செடியக்கா ஒரு வாரத்தில் எழுந்து நடந்தார். பிறகு தொட்டி தூக்கினார். மாதங்கள் போகப் போக அந்தச் சாம்பல் பூச்சு மெல்ல மெல்லக் கரைந்தது.

அதற்குள் தெருவுக்குக் கண் வந்துவிட்டது. எதிர்வீட்டு டீச்சரம்மா ஒரு நாள் ஸ்டூடியோவுக்கே வந்து, குரலைத் தாழ்த்தி, "பளிச்சண்ணே, அண்ணி ஏதோ மாத்திரை போட்டு நல்லா கலராயிட்டாங்களாமே. பேரு என்ன? எனக்கும் எங்க மவளுக்கும் வாங்கணும்" என்றார். பளிச் அவரை வெறித்துப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்த மாதிரி முகங்களுக்கு "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொன்ன மனிதருக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. "அது உசுருக்குப் போடற மாத்திரைம்மா" என்று மட்டும் சொன்னார்.

பாக்கி வேலையை அப்புறம் போய் முடித்ததில் பாஸ்போர்ட் வந்தது. அலுவலகக் கேமராவில் விழுந்த அதே படம், மயங்கி விழுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்தது. அதற்கு முன் மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரி விஷயத்தை, "லேசான மயக்கம்" என்று சொல்லி மறைத்து வைத்திருந்தார்கள். இனி கிளம்பலாம் என்று ஆனதும், எல்லாவற்றையும் சொல்லிவிட மகளைப் போனில் அழைத்தார்கள். அழைக்கும் முன் செடியக்கா போனைப் பளிச்சிடம் நீட்டினார். "அந்த அழகு வசதிய எடுத்துடுங்க."

பளிச் எடுத்தார். மகள் திரையில் வந்தாள். வந்தவள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து, அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா! என்னம்மா ஆச்சு உனக்கு? ஏம்மா இப்படிக் கறுத்துப் போயிட்டே?"

"அடி, இது தேறின நெறம்டி" என்றார் செடியக்கா.

நடந்தது முழுக்கச் சொன்னார். மகள் கையில் குழந்தையோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப முன்னாடி எப்படிம்மா இருந்தே?" என்றாள் கடைசியில். செடியக்கா பாஸ்போர்ட்டைத் திறந்து போனுக்கு நேராகக் காட்டினார்.

மகள் திரைக்கு நெருங்கி வந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு மகள் கேட்டாள்.

"அப்பா... நீங்க பக்கத்துலயேதான இருந்தீங்க. நீங்க பாக்கலையா?"

அவள் குற்றம் சாட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் பளிச்சை இன்னும் உலுக்கியது. "பாக்கலம்மா" என்றார்.

போனை வைத்ததும் பளிச் அலமாரியிலிருந்து மாத்திரைப் பட்டையையும் தண்ணீரையும் எடுத்து வந்தார். வேளை ஆகியிருந்தது. செடியக்கா கையை நீட்டினார். பளிச் மாத்திரையை வைக்காமல், நீட்டிய கையைத் தன் கையில் வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். ரேகைகள் இன்னும் முழுசாக வெளுக்கவில்லை.

"என்ன பாக்கறீங்க? மாத்திரையக் குடுங்க."

"இரு," என்றார் பளிச். "கையத்தான் பாக்கறேன்."